எழுதுதோலும் நூல்களின் வாழ்வும்

நூல் ஒன்றன் வாழ்வு அதன் சொல்வளத்தாலும் பொருள்வளத்தாலும் மட்டும் அமைவதன்று. அஃது எழுதப்பெற்ற பொருளின் இயல்பும் அவ்வாழ்வை வரையறுக்கும். கல்லில் வெட்டியது, களிமண்ணிற் பதித்தது, ஓலையிற் கீறியது, நாணற்றாளில் எழுதியது ஆகிய ஒவ்வொன்றும் தத்தமக்குரிய நெறியில் நிலைத்துத் தத்தமக்குரிய நெறியில் மறையும். இவ்வகையில், மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் அச்சுப்பொறியும் தாளும் பரவுங்காறும் பல நூற்றாண்டுகள் நூல்களைத் தாங்கி நின்றது விலங்கின் தோலாகும். வெள்ளாடு, செம்மறி, கன்று ஆகியவற்றின் தோலை மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்தி, எழுதுதற்கேற்பப் பதப்படுத்திய அப்பொருளை ஆங்கிலேயர் பார்ச்மென்ட் என்பர். அதனை இக்கட்டுரையில் எழுதுதோல் என வழங்குவோம்.

எழுதுதோலைப் பற்றி இரண்டு கருத்துகள் நூல்தோறும் வழங்கி வருகின்றன. பெர்காமம் என்னும் நகரில் அரசன் ஒருவனின் முயற்சியால் அது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது ஒன்று. அதன் உறுதியே கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களை அழியாது காத்தது என்பது மற்றொன்று. முன்னது சான்றுகளால் மறுக்கப்படுவது. பின்னது பாதி உண்மையே உடையது; மறைந்துள்ள மறு பாதியை அறியாதவழி, பழைய நூல்கள் சில கிடைத்தமைக்கும் பல கிடையாமைக்கும் உரிய காரணத்தை நாம் பிழைபடவே உணர்வோம். சுவடி ஆராய்ச்சியில் ஈடுபடுவார் எம்மொழியினராயினும் அவர்க்கு இவ்வுணர்ச்சி இன்றியமையாதது. ஆகலின் இவ்விரு கருத்துகளையும் ஈண்டு முறையே ஆராய்வோம்.

1. பெர்காமக் கதை

பெர்காமம் சிறிய ஆசியாவின் மேற்குப் பகுதியில் இருந்த நகரம். அவ்விடம் இன்று துருக்கி நாட்டில் பெர்காமா என வழங்குகிறது. கதையை நமக்குத் தருபவர் கி.பி. 79இல் மறைந்த உரோமப் பேரறிஞர் பிளினி. தம் 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூலின் 13ஆம் பகுதியில், வர்ரோ என்னும் முன்னை அறிஞரின் கூற்றாக அவர் இதனை எடுத்துரைக்கிறார். எகிப்தை ஆண்ட தாலமிக்கும் பெர்காமத்தை ஆண்ட யூமெனிசுக்கும் நூலகம் அமைப்பதிற் போட்டி எழுந்தது. தாலமி நாணற்றாளாகிய பாப்பிரசைப் பிறநாட்டிற்கு அனுப்பலாகாதெனத் தடுத்தான். அதனால் பெர்காமத்தில் எழுதுதோல் கண்டுபிடிக்கப்பட்டது என்பது கதையின் சுருக்கம். ஈண்டுக் குறிக்கப்பெற்றவன் கி.மு. 197இல் அரசுகட்டில் ஏறிய இரண்டாம் யூமெனிசு எனக் கொள்வர்.

கதை சுவையுடையது. அரசர் இருவரின் பகையிலிருந்து அறிவுலகிற்கு ஒரு நன்மை விளைந்தது என்பது கேட்போர் உள்ளத்தைக் கவரும். ஆயின் சுவையுடைமை சான்றாகாது. அவ்வரசனுக்கு மிக முற்பட்ட சான்றுகள் பல இதற்கு மாறாக நிற்கின்றன.

முதலாவது எகிப்து. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் துத்மோசு மன்னனின் போர்ச்செய்திகள் தோற்சுருளில் எழுதப்பெற்று அமோன் கோயிலில் வைக்கப்பட்டமையைக் கர்னாக் கல்வெட்டே கூறுகிறது. இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு 1864இல் வந்துசேர்ந்த எகிப்தியக் கணிதத் தோற்சுருள் இன்னும் பழமையானது. அது மிக இறுகி நொறுங்கும் நிலையில் இருந்தமையின் 1927 வரை விரிக்கப்படவில்லை. விரித்தபோது பின்னக் கணக்குகள் அதிற் காணப்பட்டன. பாப்பிரசு விளைந்த நாட்டிலேயே தோலும் எழுதுபொருளாய் இருந்தது என்பது இவற்றாற் பெறப்படும்.

இரண்டாவது கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டசின் கூற்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டினராகிய அவர், அயோனியர் பாப்பிரசுச் சுருள்களையும் தோல் என்னும் பொருள்படும் சொல்லாலேயே வழங்கினர் எனவும், பாப்பிரசு அரிதாயிருந்த பழங்காலத்தில் அவர்கள் வெள்ளாட்டுத் தோலிலும் செம்மறித் தோலிலும் எழுதியமையே அதற்குக் காரணம் எனவும் விளக்குகிறார். தம் காலத்திலும் வேற்றுநாட்டார் பலர் தோலில் எழுதினர் என்றும் குறிக்கிறார். ஒரு பொருள் வழக்கிழந்த பின்னும் அதன் பெயர் நிலைத்து, அடுத்து வந்த பொருளைக் குறித்தல் மொழியியல்பு. எனவே அயோனியரிடைத் தோலெழுத்து ஹெரடோட்டசின் காலத்திற்கும் மிக முற்பட்டது என்பது தெளிவு.

மூன்றாவது, கைக்குக் கிடைத்துள்ள சுவடிகள். பாரசீகப் பேரரசின் சார்பில் எகிப்தை ஆண்ட அர்சாமன் என்பான் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அரமேய மொழியில் விடுத்த தோற்கடிதங்கள் ஆக்சுபோர்டுப் பாட்லியன் நூலகத்தில் உள்ளன. இவற்றை டிரைவர் என்னும் அறிஞர் 1954இல் பதிப்பித்து வெளியிட்டார். பாப்பிரசின் தாயகமாகிய எகிப்திற்கே தோலில் எழுதிய கடிதம் சென்றது என்பது கருதத்தக்கது. 1947 முதல் சாக்கடற் கரையிலுள்ள கும்ரான் குகைகளில் வெளிப்பட்ட சுவடிகளிற் பெரும்பாலனவும் தோலே. அவற்றுட் சில, எழுத்தமைதி நோக்கிக் கி.மு. 3ஆம் நூற்றாண்டினவாக மதிக்கப்படுகின்றன. இவையெல்லாம் இரண்டாம் யூமெனிசுக்கு முற்பட்டவை.

இங்கு ஒரு தடை எழலாம். எகிப்தியரும் பாரசீகரும் கையாண்டது துவர்ப்பொருள் இட்டுப் பதனிட்ட தோல்; பெர்காமத்தார் கண்டது சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து இழுத்துக் கட்டி உலர்த்திய எழுதுதோல்; இரண்டும் வெவ்வேறு என்பர். தடை பொருளுடையதே. துவரிட்ட தோல் வளையும். செருப்புக்கும் பைக்கும் ஏற்றது. எழுதுதோல் செய்முறை வேறு. தோலைச் சுண்ணாம்பு நீரிற் பல நாள் ஊறவைத்து மயிரையும் ஊனையும் களைந்து, ஈரமாகவே சட்டத்திற் கட்டி, பிறைவடிவக் கத்தியாற் சுரண்டிக்கொண்டே இறுக்கி உலர்த்துவர். இழுவிசையில் உலர்வதால் தோலின் நார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மட்டமாய்ப் படிந்து, மென்மையும் விறைப்பும் ஒருங்கே உடைய தகடாகின்றன. பின்னர் நுரைக்கல்லால் தேய்த்துச் சுண்ணப்பொடி தடவினால் இருபுறமும் எழுத்தேற்கும்.

ஆயினும் இத்தடை கதைக்கு அரண் ஆகாது. கும்ரான் தோல்களை வேதியியல் முறையில் ஆராய்ந்தபோது, பல எழுதுதோல் போலவே செய்யப்பட்டு மேற்பரப்பில் மட்டும் சிறிதளவு துவர் தடவப்பெற்றவை எனக் கண்டனர். அவை இருவகைக்கும் இடைப்பட்டவை. இடைப்பட்ட நிலை ஒன்று உண்டெனில், தோல் என்னும் நிலையினின்று எழுதுதோல் என்னும் நிலைக்கு வந்தது படிப்படியான வளர்ச்சியாதல் வேண்டும். ஒரு நகரில் ஓர் ஆண்டில் நிகழ்ந்த கண்டுபிடிப்பு ஆதல் இயலாது.

கதையின் உள்ளேயும் உறுதி இல்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டினராகிய ஜெரோம், எழுதுதோலை அனுப்பிய மன்னன் பெயரை அட்டாலசு என்கிறார். பெர்காமத்தின் பெயரை இப்பொருளுக்கு அடையாக்கிய வழக்கும் பிற்பட்டதே, கி.பி. 301இல் டயோக்கிளீசியன் பிறப்பித்த விலை ஆணையில்தான் அது தெளிவுறக் காணப்படுகிறது. அதற்கு முன் இலத்தீனர் மெம்பிரானா என்ற பொதுச்சொல்லையே ஆண்டனர். ஆகவே பெர்காமம் எழுதுதோலைப் பிறப்பித்த இடமன்று. அதனைத் திருந்தச் செய்து பெருக விற்றுப் பெயர்பெற்ற இடமாகலாம் எனக் கொள்வதே அமைவுடைத்து. ஊர்ப்பெயர் பொருளுக்கு ஆயிற்று. பின்னர்ப் பெயர்க்குக் காரணம் கூறக் கதை எழுந்தது.

2. உறுதியும் தேர்வும்

இனி இரண்டாம் கருத்தை நோக்குவோம். எழுதுதோல் உறுதியானது என்பதில் ஐயமில்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற சினாய் விவிலியச் சுவடியின் 347 இதழ்கள் இன்றும் பிரித்தானிய நூலகத்திற் படிக்கத்தக்க நிலையில் உள்ளன. ஈரம் மிக்க ஐரோப்பிய நாடுகளிற் பாப்பிரசு இத்துணைக் காலம் நிற்பது அரிது. எழுதுதோல் மடித்துத் தைப்பதற்கும் ஏற்றது, இருபுறமும் எழுதலாம். இதனாற் சுருள் வடிவம் மறைந்து, இன்று நாம் கையாளும் புத்தக வடிவம் மேலோங்கியது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கவிஞர் மார்சியல், ஹோமர், விர்ஜில் முதலியோர் நூல்கள் எழுதுதோற் புத்தகங்களாகக் கிடைத்தமையைப் பாடியுள்ளார். 4ஆம் நூற்றாண்டிற்குள் புத்தக வடிவம் சுருளை வென்றுவிட்டது. கான்ஸ்டன்டைன் பேரரசர் தம் புதிய தலைநகரின் கோயில்களுக்காக 50 விவிலியப் படிகளை எழுதுதோலில் எழுதித் தருமாறு யூசிபியசுக்கு எழுதினார். சிசாரியா நகர நூலகத்தின் சிதைந்த சுவடிகள் எழுதுதோலிற் பெயர்த்தெழுதப்பெற்றதை ஜெரோம் கூறுகிறார்.

பெயர்த்தெழுதுதல் என்னும் இச்செயலிலேயே நம் ஆராய்ச்சியின் உயிர்நிலை உள்ளது. பாப்பிரசில் இருந்த நூல்கள் அனைத்தும் தாமாகத் தோலுக்கு மாறவில்லை. யாரோ ஒருவர் ஒரு நூலைத் தேர்ந்து, அதற்குத் தோலும் மையும் கூலியும் அளித்த வழியே அது மாறியது. தோலோ விலை மிக்கது. வடஇங்கிலாந்தின் வியர்மவுத்து–ஜாரோ மடத்தில் செயோல்பிரித்து தலைவராய் இருந்தபோது எழுதப்பெற்றது அமியாட்டினசு என்னும் விவிலியச் சுவடி. 716இல் அவர் அதனை உரோமுக்குக் கொண்டுசெல்லப் புறப்பட்டு வழியிலேயே மறைந்தார். சுவடி இன்று புளோரன்சு நகரில் உள்ளது. ஆயிரத்திற்கு மேற்பட்ட இதழ்களை உடைய அவ்வொரு படிக்கு ஏறத்தாழ 500 கன்றுகளின் தோல் வேண்டியிருந்தது எனக் கணக்கிடுவர். அம்மடம் அத்தகைய படிகள் மூன்றனை எழுதியது. இத்துணைப் பொருட்செலவு உள்ள இடத்தில் எல்லா நூல்களும் எழுதப்படா, வேண்டுவனவே எழுதப்படும். எவை வேண்டுவன என்பதைப் பள்ளிக்கூடமும் திருமடமும் அரசவையும் முடிவு செய்தன.

மெனாண்டரின் நாடகங்கள் இதற்குத் தக்க சான்று. பழங்காலத்தில் ஹோமருக்கு அடுத்தபடி விரும்பிப் படிக்கப்பெற்றோருள் அவரும் ஒருவர். எனினும் அவர்தம் முழு நாடகம் ஒன்றேனும் இடைக்கால எழுதுதோற் சுவடிகளின் வழியாக நமக்கு வந்து சேரவில்லை. 'டிஸ்கோலோசு' என்னும் நாடகம் ஏறக்குறைய முழுமையாக 1958இல் வெளியிடப்பெற்றது. அதனைத் தந்தது எகிப்திற் கிடைத்த பாப்பிரசு. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஏதென்சு நகர் ஆட்சிமுறை நூலும் அவ்வாறே பாப்பிரசிலிருந்து 1891இல் வெளிவந்தது. உறுதியற்றது எனப்பட்ட நாணற்றாள் எகிப்தின் வறண்ட மணலில் இவற்றைக் காத்தது. உறுதியுடைய தோலோ இவற்றை ஏற்கவே இல்லை. எனவே எழுதுதோல் இலக்கியத்தைக் காத்தது என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. தன்மேல் ஏற்றப்பட்டதை அது காத்தது; ஏற்றப்படாததன் அழிவுக்கு அதன் அருமையும் ஒரு காரணமாயிற்று.

3. அழித்தெழுதல்

தோலின் உறுதி மற்றொரு வகையில் நூலுக்குப் பகையும் ஆயிற்று. எழுத்தைக் கழுவியும் சுரண்டியும் அகற்றினால் தோல் மீண்டும் எழுத உதவும். அங்ஙனம் அழித்தெழுதிய சுவடிகள் பல நூலகங்களில் உள்ளன. உறுதியுடைய பொருளாயிருந்தமையாலேயே அதன் மேலிருந்த நூல் அழிக்கப்பட்டது என்பது நினைவில் இருத்தற்குரியது.

சிசரோவின் 'அரசியல்' என்னும் நூலை எடுத்துக்கொள்வோம். அதன் இறுதியிலுள்ள சிப்பியோவின் கனவும், பிறர் எடுத்தாண்ட சில பகுதிகளுமே நெடுங்காலம் கிடைத்திருந்தன. 1819இல் வத்திக்கான் நூலகத்தில் ஆஞ்சலோ மாய், திருப்பாடல்களுக்கு அகுஸ்தீனார் வரைந்த விளக்கவுரையின் அடியில் மங்கிக் கிடந்த பழைய பேரெழுத்துகளில் அந்நூலின் பகுதிகளைக் கண்டார், 1822இல் வெளியிட்டார். ஆர்க்கிமிடீசின் நூல்களை உடைய 10ஆம் நூற்றாண்டுப் படி ஒன்று 1229இல் வழிபாட்டு நூலாக மாற்றி எழுதப்பட்டது. 1906இல் ஹைபர்க் என்னும் டேனிய அறிஞர் கான்ஸ்டான்டிநோபிளில் அதன் அடியெழுத்தைப் படித்து, அதுகாறும் பெயரளவிலே அறியப்பட்டிருந்த 'முறை' என்னும் நூலை மீட்டார். 1998இல் ஏலத்தில் விற்கப்பட்ட அச்சுவடி, பின்னர்ப் பால்ட்டிமோர் நகர அருங்காட்சியகத்திற் பலவகை ஒளிகளாலும் ஊடுகதிராலும் ஆராயப்பெற்றது. ஹைபரீடிசு என்னும் சொற்பொழிவாளரின் உரைப்பகுதிகளும் அதனுள் வெளிப்பட்டன.

கிறித்தவத் துறவியர் புறச்சமய நூல்களை வெறுத்து அழித்தனர் என்று இதற்குக் காரணம் கூறுவாரும் உளர். இதுவும் ஏற்கத்தக்கதன்று. பாரிசில் உள்ள எப்ராயிம் சுவடியில் அழிக்கப்பட்டது 5ஆம் நூற்றாண்டு விவிலியமே; அதன்மேல் எழுதப்பட்டவை சிரிய நாட்டு எப்ராயிமின் உரைகள். 691–692இல் கூடிய திருச்சபைப் பேரவை, சிதையாத திருமறைச் சுவடிகளை வெட்டவோ விற்பார்க்குக் கொடுக்கவோ கூடாதெனத் தடை செய்தது. விலக்கப்பட்டமையால் அவ்வழக்கு இருந்தமை பெறப்படும். வெறுப்பினும் தோலின் அருமையே காரணமாய் நின்றது. மொழி மாறி, எழுத்து வடிவம் மாறி, படிப்பார் இல்லாதொழிந்த சுவடியே முதலில் கத்திக்கு இரையாயிற்று.

இதன் மிகத் துயர்தரும் சான்று காகேசிய அல்பேனிய மொழி. இது பால்கன் நாட்டு அல்பேனியத்தின் வேறானது. இன்றைய அசர்பைசான் பகுதியில் வழங்கியது. அம்மொழியின் நெடுங்கணக்கு 1937இல் ஆர்மீனியச் சுவடி ஒன்றில் இனங்காணப்பட்டது. கல்வெட்டுத் துண்டுகள் சிலவே கிடைத்தன. நூல் எதுவும் கிடைக்கவில்லை. 1975இல் சினாய் மலை மடத்தில் வெளிப்பட்ட சுவடிகளை ஆராய்ந்த அலெக்சிட்சே, 1996இல் ஜார்ஜிய எழுத்தின் அடியில் அம்மொழி எழுத்தைக் கண்டார். யோவான் நற்செய்தியின் பகுதியும் வழிபாட்டிற்குரிய வாசகங்களும் அங்ஙனம் மீட்கப்பெற்று 2008இல் பதிப்பாயின. ஒரு மொழியின் இலக்கியச் சுவடி என நமக்கு எஞ்சியிருப்பது, பயனற்றதெனச் சுரண்டப்பட்ட இதழ்கள் மட்டுமே. அவற்றைச் சுரண்டியவர் தோலைக் காக்க எண்ணினார். மொழியைக் காக்க எண்ணினாரல்லர். மொழி தற்செயலாகவே தப்பியது.

4. தோல் தரும் சான்று

எழுதுதோலைத் தாங்குபொருளாக மட்டும் காணாது சான்றாகவும் காணவேண்டும் என்பது இதுகாறும் கூறியவற்றின் தொடர்ச்சியாகும். தோலுக்கு மயிர்ப்புறம், ஊன்புறம் என இருபுறம் உண்டு. மயிர்ப்புறம் சற்றே மஞ்சள் நிறமும் மயிர்க்கால் புள்ளிகளும் உடையது; ஊன்புறம் வெண்மையானது. பழைய எழுத்தாளர், திறந்த புத்தகத்தில் மயிர்ப்புறத்திற்கு எதிரே மயிர்ப்புறமும் ஊன்புறத்திற்கு எதிரே ஊன்புறமும் வருமாறு இதழ்களை அடுக்கினர். இதனை 1885இல் கிரெகரி என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். அயர்லாந்து, பழைய இங்கிலாந்து ஆகிய நாட்டுச் சுவடிகளில் வேறுமுறை உண்டெனினும், கிரேக்கச் சுவடிகளுக்கு இவ்விதி பெரிதும் பொருந்தும். மயிர்ப்புறத்திற்கு எதிரே ஊன்புறம் வருமாயின், அவ்விடத்தில் ஓரிதழ் வீழ்ந்தது அல்லது இடம் மாறியது என ஐயுறல் வேண்டும். பாடத்தில் தொடர்ச்சி இருப்பதுபோல் தோன்றினும் தோல் உண்மையைக் காட்டிக்கொடுக்கும்.

இக்காலத்து ஆராய்ச்சி இன்னும் ஆழ்ந்து செல்கிறது. 2020இல் கும்ரான் துண்டுகளின் மரபணுவை ஆராய்ந்தோர், அவற்றுட் பெரும்பாலன செம்மறித் தோல் எனவும், எரேமியா நூலின் துண்டுகளிற் சில மாட்டுத்தோல் எனவும் கண்டனர். மாடு வளர்த்தற்கு அப்பாலைநிலம் ஏற்றதன்று. ஆகலின் அவை வேற்றிடத்தினின்று கொணரப்பட்டவை என முடிவு செய்தனர். ஒரே நூலின் துண்டுகள் எனக் கருதப்பட்டவை வெவ்வேறு படிகள் என்பதைத் தோலே கூறிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலுள்ள குரான் இதழ்களின் தோல் கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்ற கரிமக் கணிப்பு 2015இல் வெளியாயிற்று. இத்தகைய கணிப்பு விலங்கு இறந்த காலத்தைக் காட்டுமேயன்றி, எழுத்து எழுதப்பட்ட காலத்தை நேரே காட்டாது. அழித்தெழுதும் வழக்கு இருந்த பொருளில் இவ்வேறுபாட்டை மறத்தல் பெரும்பிழையாகும். எழுத்தமைதியும் மொழியமைதியும் உடன்பட்டாலன்றித் தோலின் காலத்தை நூலின் காலமாகக் கொள்ளலாகாது.

5. முடிபு

இவ்வாராய்ச்சி நம் ஏட்டுச் சுவடிகளுக்கு எவ்வாற்றாற் பயன்படும் என வினவலாம். பனையோலையும் எழுதுதோலும் ஓரியல்பின அல்ல. தென்னாட்டில் ஓலையின்மேல் எழுத்தாணியாற் கீறி, அக்கீற்றில் மை தடவுவர். கீறியதைச் சுரண்டி அகற்றி அவ்வோலையில் மீண்டும் எழுதுதல் இயலாது. ஆகலின் சிசரோவுக்கும் ஆர்க்கிமிடீசுக்கும் வாய்த்தது போன்ற அடியெழுத்து நம் ஏடுகளில் இல்லை. பெயர்த்தெழுதப்படாத ஏடு பூச்சிக்கும் நீருக்கும் நெருப்புக்கும் முழுவதும் இரையாகிவிடும். பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட்ட செய்தியை உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் வருந்திக் குறித்துள்ளார். தோற்சுவடியில் இழப்பு ஒரோவழி மீட்கப்படும். ஓலைச்சுவடியில் இழந்தது இழந்ததே.

ஆயினும் அடிப்படை ஒன்றே. தோலாயினும் ஓலையாயினும் ஒவ்வொரு படியும் ஒருவர் செய்த தேர்வின் விளைவாகும். எழுதுதோலை ஓர் அரசன் கண்டுபிடிக்கவில்லை. கைத்தொழிலாளர் பலர் பல நாடுகளில் படிப்படியாகத் திருத்தினர். தோல் தானாக நூல்களைக் காக்கவில்லை; பெயர்த்தெழுதியோர் காத்தனர்; அவரே வேறு சிலவற்றைக் கைவிட்டனர். எனவே கிடைத்த நூல்கள் சிறந்தமையாற் கிடைத்தன என்றும், கிடையாதன சிறவாமையால் மறைந்தன என்றும் திறனாய்வாளர் கொள்ளும் முடிபு ஆதாரமற்றது. மெனாண்டர் சிறவாதவர் அல்லர். அல்பேனிய மொழி பயனற்றதும் அன்று. ஓர் இலக்கியத்தின் பழமையையும் வளத்தையும் எஞ்சிய நூல்களைக்கொண்டு அளக்குமுன், அவை எப்பொருளில் எழுதப்பட்டன, யாராற் பெயர்த்தெழுதப்பட்டன, எவை விடுபட்டன என்பவற்றை முதற்கண் ஆராய்தல் வேண்டும். சுவடியைப் பதிப்பிக்க முற்படுவோர், பாடத்தோடு பாடத்தைத் தாங்கிய பொருளையும் அளந்து விளக்கித் தம் பதிப்பிற் குறித்தல் கடமையாகும் என்பதே நாம் இக்கட்டுரையால் துணிந்த முடிபு.